பிடிஎஃப் அனுப்பியாயிற்று, பிள்ளை படித்ததா? டிஜிட்டல் கற்றலுக்கு ஓர் எளிய அறிமுகம்

திருகோணமலையில் எந்தப் பாடசாலையை எடுத்தாலும் இப்போது வகுப்புக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. ரியூசனுக்கு இன்னொன்று, தனித்தனிப் பாடங்களுக்கு மேலும் சில. உயர்தரத்தில் ஒரு பிள்ளை இருக்கும் வீட்டில் போனைத் திறந்தால் மாதிரி வினாத்தாள், கையெழுத்துக் குறிப்பின் படம், யாரோ அனுப்பி யாரோ முன்னனுப்பிய யூடியூப் இணைப்பு என்று குவிந்து கிடக்கும். கேட்டால், "எல்லாம் ஒன்லைனில வருகுது" என்பார்கள். வருவது உண்மைதான். வந்ததை வைத்துக்கொண்டு பிள்ளை என்ன செய்கிறது என்பதைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன்.

டிஜிட்டல் கருவிகளோடு கற்பிக்கப் புதிதாக இறங்கும் ஆசிரியருக்கும், பிள்ளையின் கையில் போனைக் கொடுத்துவிட்டு யோசித்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கும் இது உதவும். 'சிறந்த 10 செயலிகள்' மாதிரியான பட்டியலை எதிர்பார்க்க வேண்டாம். அப்படிப்பட்ட பட்டியல் ஒரு வருடத்தில் பழசாகிவிடும்.

கொடுப்பது, செய்விப்பது, திருத்துவது

ஒரு பாடவேளையில் ஆசிரியர் பார்க்கும் வேலையை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது விடயத்தைக் கொடுப்பது. விளக்குவதும், கரும்பலகையில் எழுதுவதும், புத்தகத்தைக் காட்டுவதும் இதில் அடங்கும். இரண்டாவது, பிள்ளையைச் செய்ய வைப்பது. கணக்கு, வினா, படம் வரைதல், வாய்ப்பாடு ஒப்புவித்தல் எல்லாம் இந்த வகை. மூன்றாவது, செய்ததைப் பார்த்து எங்கே பிழைத்தது என்று சொல்வது. வகுப்பறையில் இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலந்து நடப்பதால் நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. அனுபவமுள்ள ஆசிரியை ஒருவர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே பின்வாங்கில் இருப்பவனின் முகத்தைப் பார்த்து, இவனுக்கு விளங்கவில்லை என்று கண்டுபிடித்து, எழுப்பி ஒரு கேள்வியும் கேட்டுவிடுவார்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடியபோது, அந்த அவசரத்தில் போனுக்கு மாறியது முதல் வேலை மட்டும்தான். 2022இல் எரிபொருள் இல்லாமல் மறுபடி வீட்டிலிருந்து படிக்கச் சொன்னபோதும் அதுதான் நடந்தது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. கையில் கிடைத்ததை வைத்துச் சமாளித்தார்கள். ஆனால் அந்த நெருக்கடிக் காலத்துப் பழக்கமே பிறகு 'டிஜிட்டல் கல்வி' என்ற பெயரோடு நிலைத்துவிட்டது. புத்தகம் வாங்கிக் கொடுத்ததோடு படிப்பித்தாயிற்று என்று யாரும் சொல்வதில்லை. அதே புத்தகத்தைப் பிடிஎஃப்பாக அனுப்பினால் மட்டும் ஏன் அப்படிச் சொல்கிறோம்?

என் கணிப்பில், போனும் இணையமும் அதிகம் உதவக்கூடியது இரண்டாவது, மூன்றாவது வேலைகளில்தான். 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொரு கொப்பியையும் அன்றன்றே பார்த்துத் திருத்த எந்த ஆசிரியராலும் முடியாது. கருவியால் அது ஓரளவு முடியும். ஆகவே எந்தச் செயலியைப் பற்றிக் கேள்விப்பட்டாலும், 'இது பிள்ளையின் கைக்கு வந்த பிறகு பிள்ளை என்ன செய்யும்?' என்று கேட்டுப் பாருங்கள். 'பார்க்கும்', 'கேட்கும்' என்பதோடு பதில் நின்றுவிட்டால் அது முதல் வேலைக்கான கருவி. அதுவும் தேவைதான், ஆனால் அதோடு பாடம் முடியாது.

திரும்ப வாசிப்பதும் நினைவிலிருந்து எடுப்பதும்

இதற்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். பல்கலைக்கழக மாணவர்களிடம் ஓர் உரைப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் நான்கு தவணையும் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு தவணை வாசித்துவிட்டு, மற்ற மூன்று தவணையும் பகுதியைப் பார்க்காமல் நினைவில் உள்ளதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முன்னுக்கு நின்றார்கள். அவர்களுக்கு 83 சதவீதமும் எழுதிப் பார்த்தவர்களுக்கு 71 சதவீதமும் நினைவிருந்தன. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். வாசித்தவர்களுக்கு 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். வாசித்த பிரிவினர் அந்தப் பகுதியைச் சராசரியாக 14 தடவை முழுதாக வாசித்திருந்தார்கள், மற்றவர்கள் மூன்று தடவை சொச்சம்தான். இதில் எனக்குப் பிடித்த விடயம், வாசித்தவர்களே 'எங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும்' என்று கூடுதல் நம்பிக்கையோடு இருந்தார்கள் என்பது. பரீட்சைக்கு முதல் நாள் இரவு குறிப்பைப் புரட்டிக்கொண்டு 'எல்லாம் தெரியும்' என்று சொல்லும் பிள்ளையை நமக்குத் தெரியாதா!

குறிப்பைத் திறந்து வாசிப்பது, வீடியோவை மறுபடி பார்ப்பது எல்லாம் முதல் பிரிவினர் செய்த வேலை. கேள்விக்கு விடை தேடி மூளையைக் கசக்குவது இரண்டாவது பிரிவினர் செய்தது. போனில் இரண்டையும் செய்யலாம். ஆனால் நாம் யோசித்து ஏற்பாடு செய்யாவிட்டால், போன் தானாக முதலாவதன் பக்கம்தான் சாய்ந்துவிடும்.

ஐந்து வினா, ஒரு படிவம்

தொடங்குவதற்கு ஒரு கருவி சொல்லுங்கள் என்றால் நான் கூகுள் ஃபோர்ம்ஸைச் சொல்வேன். இலவசம், போனிலேயே செய்யலாம், பிள்ளைகள் எதையும் பதிவிறக்க வேண்டியதில்லை, டேட்டாவும் மிகக் குறைவாகத்தான் போகும். பெரும்பாலானவர்கள் இதை விவரம் சேர்க்கும் படிவமாக மட்டுமே அறிவார்கள். படிவத்தின் செட்டிங்ஸ் பகுதிக்குள் போய் 'குவிஸ்' என்பதை இயக்கினால் அது திருத்தும் வேலையையும் செய்யும். ஒவ்வொரு வினாவுக்கும் சரியான விடை எது, எத்தனை புள்ளி என்று குறித்துவிடலாம். பிழையாகத் தெரிவு செய்பவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்றும் எழுதி வைக்கலாம். இந்தக் கடைசி வசதியைப் பலர் தொடுவதே இல்லை. உண்மையில் முழுக் கருவியிலும் பெறுமதியானது அதுதான்.

நம் ஊருக்குப் பொருந்தும் ஓர் உதாரணம் எடுப்போம். விஞ்ஞானத்தில் அடர்த்தி, மேலுதைப்பு படிப்பிக்கிறீர்கள். 'மகாவலி ஆற்றுக்குள் நிற்கும் ஒரு படகு, அதே சுமையோடு கொட்டியாரக் குடாவின் கடல்நீருக்குள் வருகிறது. அது முன்னரைவிடச் சற்று மேலெழுந்து மிதக்குமா, சற்றுத் தாழுமா, மாற்றமிருக்காதா?' என்பது வினா. கடல்நீரில் உப்புக் கரைந்திருப்பதால் அதன் அடர்த்தி அதிகம். ஒரு கன மீற்றர் நன்னீர் சுமார் 1000 கிலோ என்றால் கடல்நீர் சுமார் 1025 கிலோ. படகு தன் நிறைக்குச் சமமான நீரை இடம்பெயர்த்தால் போதும். கடல்நீரில் அதற்குக் குறைந்த கனவளவே தேவை, ஆகவே படகு சற்று மேலெழும்.

பிழையான விடைகளை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் வேலையே இருக்கிறது. 'கடல் ஆழம் கூடியது, அதனால் தாழும்' என்று ஒரு விடை வையுங்கள். அதைத் தெரிவு செய்பவர் ஆழத்தையும் அடர்த்தியையும் குழப்பிக்கொள்கிறார். 'படகின் நிறை மாறவில்லை, அதனால் மிதப்பும் மாறாது' என்று இன்னொன்று. அதைத் தெரிவு செய்பவருக்கு நிறை மாறவில்லை என்பது விளங்கியிருக்கிறது, இடம்பெயரும் நீரின் கனவளவைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. இரண்டு பேருக்கும் இரண்டு விதமாகப் பதில் சொல்ல வேண்டும். படிவத்தைப் பகுதிகளாகப் பிரித்து, எந்த விடையைத் தொட்டால் எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்றும் அமைக்கலாம். முதலாமவரை ஆழம் பற்றிய சின்ன விளக்கத்துக்கும், இரண்டாமவரை ஒரு படத்துக்கும் அனுப்பிவிடலாம். சும்மா இடத்தை நிரப்பப் போட்ட பிழை விடையால் உங்களுக்கு எந்தத் தகவலும் கிடைக்காது.

பிள்ளைகள் செய்து முடித்ததும் உங்கள் பக்கத்தில் சுருக்கம் ஒன்று தெரியும். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ஒரே பிழை விடையைத் தொட்டிருந்தால் அடுத்த நாள் பாடத்தை எங்கே தொடங்குவது என்று நீங்கள் யோசிக்கவே தேவையில்லை. ஐந்து வினா போதும். ஐம்பது வினா கொடுத்தால் பிள்ளை விடையை நண்பனிடம் கேட்டுத் தொட்டுக்கொண்டே போகும். புள்ளியைக் குழுவில் போடாதீர்கள், தவணைப் பரீட்சையோடு சேர்க்கவும் வேண்டாம். புள்ளி என்று வந்துவிட்டால் பிள்ளை விளங்காததை மறைக்கத்தான் பார்க்கும்.

வட்ஸ்அப்பிலேயே வாக்கெடுப்பு வசதி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் யார் எதற்கு வாக்களித்தார்கள் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். முதல் பத்துப் பேர் எதைத் தொட்டார்களோ மற்றவர்களும் அதையே தொடுவார்கள். சுற்றுலாத் திகதியை முடிவு செய்ய அது நல்ல கருவி.

நேரலையா, ஆறுதலாகவா

டிஜிட்டல் கற்பித்தலில் இன்னொரு அடிப்படைப் பிரிவு, எல்லோரும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டிய வகுப்பு ஒன்று, அவரவர் வசதிப்பட்ட நேரத்தில் செய்யக்கூடியது மற்றொன்று. சூம் முதல் வகை. குரல் பதிவு, படிவம், சிறிய வீடியோ இரண்டாம் வகை. 'ஒன்லைன் வகுப்பு' என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சூம்தான், அது வகுப்பறையைப் போல இருக்கிறது என்பதால். ஆனால் இந்த மாவட்டத்துக்குப் பெரும்பாலும் இரண்டாம் வகைதான் தோதானது என்பது என் அபிப்பிராயம்.

வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு கடலுக்கோ வேலைக்கோ போய்விடும், பொழுதுபட்டுத்தான் திரும்பி வரும். மூன்று பிள்ளைகள் இருந்தால் அதற்குப் பிறகும் பங்குபோட வேண்டும். மாரியில் மூதூர், கிண்ணியா, வெருகல் பக்கத்துத் தாழ்நிலங்களில் வெள்ளம் வந்தால் பாடசாலையும் நிற்கும், மின்சாரமும் நிற்கும். 2022இல் நாடு முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தது இன்னும் மறக்கவில்லை. இப்படியான இடத்தில் மாலை 4 மணிக்கு எல்லோரும் இணையுங்கள் என்றால், இணைய முடியாத பிள்ளைக்கு அந்தப் பாடம் இல்லாமலே போகிறது. இலவச சூம் கணக்கில் 40 நிமிடத்தில் துண்டித்துவிடும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே.

டேட்டாக் கணக்கையும் பார்ப்போம். வீடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு நடக்கும் ஒரு மணி நேரக் குழு வகுப்பு ஏறக்குறைய ஒரு ஜிபியைத் தின்றுவிடும். அதே ஆசிரியை ஐந்து நிமிடக் குரல் பதிவும், கரும்பலகையில் எழுதியதன் தெளிவான படங்கள் இரண்டும் அனுப்பினால் ஒன்றிரண்டு எம்பியோடு வேலை முடிந்துவிடும். பிள்ளை அதை நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம், விளங்காத இடத்துக்குத் திரும்பிப் போகலாம். வீட்டில் அம்மாவும் சேர்ந்து கேட்பது கூடுதல் நன்மை.

வீடியோ எடுத்தே ஆக வேண்டுமென்றால் சுருக்கமாக எடுங்கள். எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் பதிவான 69 லட்சம் பார்வைகளை 2014இல் மூன்று ஆய்வாளர்கள் அலசினார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்க்கும் நேரம் ஆறு நிமிடத்தைத் தாண்டுவது அரிது என்பது அவர்கள் கண்டது. பெரிய அரங்கில் எடுத்த பளபளப்பான விரிவுரையைவிட, எழுதிக்கொண்டே பேசும் எளிய வீடியோவில் மாணவர்கள் கூடுதலாக ஈடுபட்டார்கள் என்பதும் அதில் தெரியவந்தது. ஆகவே விலைகூடிய கமரா இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். இரண்டு புத்தக அடுக்குக்கு நடுவே போனைக் கவிழ்த்து வைத்து, கீழே வெள்ளைத் தாளில் எழுதிக்கொண்டே விளக்கினால் போதும். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள். படம் கொஞ்சம் மங்கினாலும் பிள்ளை பொறுத்துக்கொள்ளும், குரல் கேட்காவிட்டால் உடனே மூடிவிடும்.

பாடம் எங்கே கிடைக்கும்

முதலில் நம் பாடவிதானத்துக்கே உரிய இடங்கள். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் தரம் வாரியாகப் பாடங்கள் இருக்கின்றன. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் அரச பாடநூல்களை இலவசமாகப் பதிவிறக்கலாம். மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம் ஆசிரியர் வழிகாட்டிகளை வெளியிடுகிறது. பெற்றோர் பலருக்கு இந்த வழிகாட்டிகள் இருப்பதே தெரியாது. ஓர் அலகில் பிள்ளை என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும், வினா தயாரிக்க அதைவிட நல்ல மூலம் கிடையாது.

யூடியூபில் தேடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழில் தேடினால் அதிகம் வருவது தமிழ்நாட்டுப் பாடத்திட்ட வீடியோக்கள்தான். நல்லவை நிறைய உண்டு, ஆனால் கலைச்சொற்கள் வேறு. நாம் ஒளித்தொகுப்பு என்பதை அவர்கள் ஒளிச்சேர்க்கை என்பார்கள், கலம் என்பது செல், அட்சரகணிதம் என்பது இயற்கணிதம், ஒட்சிசன் என்பது ஆக்சிஜன். விளக்கம் தேடுகிறவர் இரண்டு சொல்லையும் போட்டுத் தேடினால் கிடைப்பது இரட்டிப்பாகும். சாதாரண தர விடைத்தாளில் நம் பாடநூலின் சொல்லை எழுதப் பழக்க வேண்டும். வீடியோவை அனுப்பும்போதே, 'இவர் செல் என்பது நமது கலம்' என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினால் பிள்ளை திணறாது.

சமூகப் பாடங்களுக்கும் தமிழுக்கும் நூலகம் என்ற எண்ணிம நூலகம் ஒரு புதையல். 2005இல் தொடங்கியது. இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், மலர்கள் எல்லாம் மின்படியாக்கப்பட்டு இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. பிள்ளைகளிடம் திருகோணமலையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் பெரும்பாலும் ஒரே இணையப் பக்கத்தைப் பார்த்து எழுதுவார்கள். அங்கே அனுப்பி, பழைய சஞ்சிகை ஒன்றிலிருந்து ஊரைப் பற்றி ஒரு செய்தியை எடுத்து வரச் சொல்லிப் பாருங்கள், வகுப்புக்கு வரும் கட்டுரைகள் ஒன்றைப்போல் ஒன்று இராது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உண்டு. அவற்றின் தரம் ஒரே சீராக இல்லை. அதையே பாடமாக்கலாம். நம் ஊர் பற்றிய ஒரு கட்டுரையைக் கொடுத்து, எந்த வரிக்குச் சான்று இருக்கிறது, எதற்கு இல்லை என்று பிள்ளைகளைத் தேட விடலாம்.

விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் ஃபெட் என்ற தளத்தை அவசியம் பாருங்கள். 2001இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர்களில் ஒருவரான கார்ல் வீமன், அடுத்த ஆண்டு கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் இது. மின்சுற்று, ஒளிமுறிவு, பின்னம் என ஒவ்வொன்றுக்கும் தொட்டு இழுத்து மாற்றிப் பார்க்கும் காட்சிகள் உள்ளன, சில தமிழிலும் கிடைக்கின்றன. மேலே சொன்ன படகுக் கணக்கை அங்கே செய்தே பார்க்கலாம். நீரின் அடர்த்தியைக் கூட்டிக் குறைத்தால் கட்டை மேலெழுவதும் தாழ்வதும் கண்ணெதிரே நடக்கும். 'போய்ப் பார்' என்று மட்டும் சொல்லி அனுப்பினால் பிள்ளை இரண்டு நிமிடம் விளையாடிவிட்டு வெளியே வந்துவிடும். முதலில் என்ன நடக்கும் என்று கொப்பியில் எழுதச் சொல்லுங்கள், பிறகு மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், பிழைத்திருந்தால் ஏன் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

புவியியலுக்குக் கூகுள் ஏர்த். நகரத்திலிருந்து மூதூருக்கு விரிகுடாவைத் தாண்டி நேர்கோட்டுத் தூரம் எவ்வளவு, கிண்ணியாப் பாலம் வழியாகத் தரைப்பாதையில் எவ்வளவு என்று அளவுகோலால் அளக்கச் சொல்லலாம். 2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவில் 'பாதை' எனப்படும் மிதவைப் படகில்தான் தண்ணீரைக் கடந்தோம் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லும் கதையும் அதோடு சேர்ந்து வரும். மகாவலி கடலில் சேரும் இடத்தையும், கனிய மணலுக்குப் பெயர்பெற்ற புல்மோட்டைக் கரையையும் பிள்ளையே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

எழுத்துருத் தொல்லை

இது சின்ன விடயம்தான், ஆனால் நம்மூர் ஆசிரியர்களின் நேரத்தை நிறையத் தின்கிறது. பல பாடசாலைகளின் கணினியில் கிடக்கும் பழைய வினாத்தாள்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டவை. அந்தக் கோப்புக்குள் உண்மையில் பதிவாகியிருப்பது ஆங்கில எழுத்துகள், எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவத்தைப் போட்டுக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குழப்பம்தான் தெரியும். அதை வெட்டிப் படிவத்தில் ஒட்டினாலும் அதே கதி. யூனிகோடில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே எண் என்பதால் எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் இலவசப் பக்கங்கள் இணையத்தில் இருக்கின்றன, பழைய வினாத்தாளை ஒரு தடவை மாற்றி வைத்துக்கொண்டால் பிறகு வருடக்கணக்கில் பயன்படும். புதிதாக எழுதுவதற்குப் போனில் பேசியே தட்டச்சிடலாம். கூகுளின் குரல் தட்டச்சில் இலங்கைத் தமிழ் என்று தனித் தெரிவு 2017இலிருந்து இருக்கிறது. நிறுத்தற்குறிகளை மட்டும் பிறகு கையால் சரிசெய்ய வேண்டிவரும்.

இணையம் இல்லாத இடத்தில்

இணையம் இல்லாவிட்டால் டிஜிட்டல் கற்றலும் இல்லை என்று நினைக்க வேண்டியதில்லை. ஃபெட் காட்சிகளை ஒரு தடவை பதிவிறக்கி மெமரி கார்டில் போட்டுக்கொண்டால் பிறகு இணையமின்றி ஓடும். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளால் தமிழ் விக்கிப்பீடியாவை முழுதாக இறக்கிக் கணினியிலோ போனிலோ வைத்துக்கொள்ளலாம். கோலிப்ரி என்ற இன்னொரு மென்பொருள் பாடசாலைக்கு ஏற்றது. கணினி அறையில் ஒரு கணினியில் பாடங்களையும் பயிற்சிகளையும் ஏற்றிவிட்டால், மற்றக் கணினிகளும் போன்களும் உள்ளக வைஃபை வழியாக அதைப் பயன்படுத்தலாம், வெளி இணைப்புத் தேவையில்லை. ஆசிரியர் தானே தயாரித்த வீடியோக்களையும் வினாக்களையும் அதில் சேர்க்கலாம்.

மனனம் செய்ய வேண்டிய பகுதிகளுக்கு அங்கி என்ற அட்டைச் செயலி அன்ட்ரொயிட் போனிலும் கணினியிலும் இலவசம். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. தெரிந்த அட்டை நாள் தள்ளித் திரும்பி வரும், தெரியாதது சீக்கிரமே வரும். 1972இல் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் இதே முறையைக் காகித அட்டையும் பெட்டியும் வைத்துப் பிரபலமாக்கினார். போன் கிடைக்காத பிள்ளைக்குப் பழைய கலண்டர் மட்டையை வெட்டிக் கொடுத்தாலும் நடப்பது ஒன்றுதான். அட்டையைப் பிள்ளையே எழுத வேண்டும், கடையில் வாங்கக் கூடாது.

செயற்கை நுண்ணறிவு பற்றி ஒரு வார்த்தை

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து வீட்டுவேலை என்பதன் நிலைமை மாறிவிட்டது. பிள்ளை கேள்வியைப் படமெடுத்துப் போட்டால் விடை வந்துவிடும், வருவது சரியா பிழையா என்று பிள்ளைக்குத் தெரியாது. பிழையானதையும் அதே தெளிவான நடையில்தான் அது எழுதும். ஆசிரியருக்கு இது நல்ல உதவியாள். படகு வினாவைக் கொடுத்து, தரம் 10 பிள்ளைகள் வழக்கமாக விடக்கூடிய பிழைகளை விடைகளாக எழுதித் தா என்றால் பத்து எழுதித் தரும், அதில் மூன்று தேறும். கலைச்சொற்கள் தமிழ்நாட்டுப் பக்கம் போயிருந்தால் திருத்திக்கொள்ள வேண்டும். பிள்ளைக்குக் கொடுப்பதென்றால், விடையைக் கேட்கவிடாமல், தான் எழுதிய விடையில் எந்தப் படி பிழைத்தது என்று மட்டும் கேட்கப் பழக்கலாம். அதுவும் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்கும்போது.

குழுவில் கவனிக்க வேண்டியவை

வட்ஸ்அப் குழுவில் சேர்ந்தவுடன் ஒருவரின் இலக்கம் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும். பெண் பிள்ளைகளின் பெற்றோர் இதை நினைத்துத் தயங்குவது நியாயமே. நீங்கள் மட்டும் செய்தி அனுப்பினால் போதுமென்றால் புரோட்காஸ்ட் பட்டியலைப் பயன்படுத்துங்கள், ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும், பிறர் இலக்கம் தெரியாது. ஆனால் உங்கள் இலக்கத்தைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும், இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தையும் புள்ளி அட்டையையும் குழுவில் போடும் பழக்கம் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு, அதற்குப் பாடம் தெரிந்திருக்கத் தேவையில்லை. 'வீடியோ பார்த்தியா?' என்று கேட்டால் 'ஓம்' என்று பதில் வரும். 'போனை இஞ்ச தந்துட்டு, அதில என்ன சொன்னவை எண்டு எனக்குச் சொல்லு' என்று கேட்டால் பிள்ளை நினைவிலிருந்து எடுத்தே ஆக வேண்டும்.

ஆசிரியர்கள் அடுத்த வாரமே தொடங்குவதென்றால் ஓர் அலகை மட்டும் எடுங்கள். ஐந்து நிமிடக் குரல் பதிவு ஒன்று, ஐந்து வினாப் படிவம் ஒன்று. செய்து முடிக்க ஒரு நாள் அவகாசம் கொடுங்கள், அப்போதுதான் இரவில் போன் கிடைக்கும் பிள்ளையும் செய்யும். போனே இல்லாத பிள்ளைக்கு அதே ஐந்து வினாவையும் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மறுநாள் காலையில் தாளை வாங்கி, அந்த விடைகளையும் நீங்களே படிவத்தில் பதிந்துவிட்டால், வகுப்பு எந்த வினாவில் தடுக்கியது என்ற கணக்கில் அந்தப் பிள்ளையும் இருக்கும்.